தடுத்த அடி

ஜனவரி பத்து. நண்பகலோடு சந்தை மூடும்.
தண்டர் பேயில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
உள்ளே பனித்தளத்தின் மேல் மைனஸ் ஐந்து.
குளிர்காயப் பனிக்கட்டிக்குப் பக்கத்தில் வரும் ஊர் இது.

என் மேசையில் இளஞ்சிவப்புப் பாகு பூசிய பெர்ஷியன் பன் ஒன்று,
மூன்று பருவத்து ஆட்டங்கள்,
பத்தொன்பது வயது டேரியன் வசிலென்கோ.

பழைய கணக்கு அவனைச் சீக்கிரம் முடித்துவிடும்:
கோல் இரண்டு. கூட்டிக் கழித்தால் மைனஸ் பதினொன்று.
அந்தப் பதினொன்றில் ஏழு
எங்கள் கோல்கீப்பரின் கையுறைக்கு மேலே நுழைந்தவை.
ஊர்ப் பாவத்தை ஒருத்தன் முதுகில் எழுதும் கணக்கு.

நான் வேறு கணக்குக்காரி.
அவன் களத்தில் இருந்த நிமிடங்களை மட்டும் அறுத்தெடுத்து
இரு பக்கமும் கிளம்பிய அடிகளை எண்ணுகிறேன்:
உள்ளே போனது, வெளியே போனது,
கம்பத்தில் மோதி மணியடித்தது.
நூற்றுக்கு ஐம்பத்தாறு எங்களுடையவை.
அதுவும் எப்போதும் சொந்த கோலின் வாசலில் இறக்கிவிடப்பட்டு,
அதுவும் எதிரணியின் முதல் வரிசைக்கு முன்னால்,
அதுவும் பக்கத்தில் பதினாறு வயது கீஷிக் தடுக்கித் தடுக்கி எழ.
அவன் பெஞ்சுக்குப் போனதும் அதே அணி நாற்பத்து நான்கு.

பன்னிரண்டு பக்கம் எழுதினேன்.
கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரே வரி:
இவனை விட்டுவிடாதீர்கள்.

மேலாளர் பெல்கி விரல் வைத்துப் படித்தார்.
"ஹாப்பலா, நிஜமாகவே இவ்வளவு நல்லவனா?"
நிஜமாகவே.
"நமக்கே தெரியாமல் போச்சே" என்றவர்
தொலைபேசியை எடுத்து
என் ஏழாம் பக்கத்தை பெல்விலில் ஒருவருக்கு
வாசித்துக்காட்டத் தொடங்கினார்.

கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடக்கும் அணியில்
ஒருவனின் அருமையை நிரூபிக்கக் கூடாது.
பூட்டு என்று நினைத்து நான் செய்தது விலைச்சீட்டு.
ஐம்பத்தாறு என்றதும் மறுமுனையில் பேச்சு நின்றது.
முதல் வரிசை என்றதும் விலை ஒரு படி ஏறியது.

பதினொன்று நாற்பத்தேழு. முடிந்தது.
மூன்றாண்டு கழித்து வரும் தேர்வில்
இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்று.
அதாவது, இப்போது பன்னிரண்டு வயதான யாரோ.
கடைவாய்ப் பால்பல் விழுந்த ஓட்டையை நாக்கால் தடவியபடி
எந்த ஊர்ப் பள்ளியிலோ பின்னம் கழித்துக்கொண்டிருப்பான்.
அவனுக்கும் என்னிடம் ஓர் எண் உண்டு.
என் சூத்திரப்படி பார்த்தால் நமக்கு லாபம்,
தசமப் புள்ளிக்கு அப்பால்தான், ஆனாலும் லாபம்.
அதைப் பெல்கியிடம் சொல்லவில்லை.
எனக்கே இன்னொரு தடவை போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டரைக்கு வசிலென்கோ வந்தான்,
தோளில் பை, கையில் மூன்று மட்டை.
அவனைத் தங்கவைத்திருந்த வீட்டம்மா
காரை அணைக்காமல் கீழே காத்திருந்தாள்.
இந்தக் குளிரில் அணைத்தால் திரும்பக் கிளம்பாது.

"நீங்கள்தான் எண்களாமே?"
ஆமாம்.
"நவம்பரில் சட்பரி ஆட்டம், கடைசி நிமிஷம்,
முழங்காலுக்குக் கீழே வாங்கினேனே,
மூன்று வாரம் வீக்கம் வடியவில்லை.
அது இருக்கிறதா அதில்?"

தேடவே வேண்டியதில்லை. வரிசை நானூற்றுப் பன்னிரண்டு.
எதிரணி எடுத்த முயற்சி, தடுக்கப்பட்டது.
தடுத்தாலும் அவர்கள் அடித்தது அடித்ததுதான்,
எங்களுக்கு எதிரான பத்தியில்
அவன் பெயருக்கு நேரே ஒன்று.
யாருக்கு வலித்தது என்பதற்குப் பத்தி கிடையாது.

இருக்கிறது, என்றேன்.
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

பன்னைப் பிட்டுப் பாதி கொடுத்தேன்.
கையுறையைக் கழற்றாமலே வாங்கிக்கொண்டான்,
கம்பளியில் பாகு ஒட்டியது.
கார் போன பிறகும் புகை கலையாமல் தெருவிலேயே நின்றது.

விளக்குப் போடும் நேரத்தில் பெல்கி கதவைத் தட்டினார்.
கோடையில் சந்தை மறுபடி திறக்கும்.
"அந்தச் சின்னப் பையன், கீஷிக். அவன் எப்படி?"

திரையில் அவன் தாள் திறந்தே இருந்தது.
வசிலென்கோ பக்கத்தில் இல்லாத நிமிடங்களில்கூட ஐம்பத்து மூன்று,
பதினாறு வயதில்.

சுமார்தான், என்றேன்.